ஒலிக்கு விடும் இடம்

நீலமலையில் ஒலிப்பதிவு என்பது நேற்றுப் பிறந்த கலையன்று. 1901-ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் தோதவரின் வாழ்வை ஆராய்வதற்காக இம்மலைக்கு வந்து சில மாதங்கள் தங்கினார். அந்த ஆய்வே 1906-இல் பெருநூலாக வெளிவந்தது. அவர் காலத்துக் கருவிகளுள் போனோகிராப்பும் ஒன்று. தோதவர் பாடல்கள் சில அதன் மெழுகு உருளைகளில் ஏறின.

அந்தக் கருவியின் அமைப்பை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடும். மின்சாரம் கிடையாது, ஒலிவாங்கி கிடையாது. அகன்ற வாயுடைய ஒரு தகரக் கூம்பு, அதன் குறுகிய முனையில் ஒரு மெல்லிய தகடு, தகட்டோடு பிணைந்த ஓர் ஊசி, அவ்வளவுதான். பாடுபவரின் மூச்சுக் காற்றே தகட்டை அசைத்து, ஊசியைத் தள்ளி, சுழலும் மெழுகில் பள்ளம் கீற வேண்டும். ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ அதில் ஒரு திருகும் இல்லை. குரல் மெலிந்தவர் கூம்பின் வாயருகே வரவேண்டும். குரல் கனத்தவர் ஓரடி தள்ளி நிற்க வேண்டும். தூரம் ஒன்றே அளவு. அந்தத் தூரத்தைப் பாட்டு தொடங்குவதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். மெழுகில் ஊசி ஓடத் தொடங்கிய பின் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. இன்று குன்னூரில் என் வீட்டு மாடியறையில் ஒரு மடிக்கணினியும், உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியும், ஓர் ஒலிவாங்கியும் இருக்கின்றன. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு, பங்கின் பாடகர் குழுவுக்கு ஒலிப்பதிவு செய்துகொடுப்பதே இப்போது பாதி நேரப் பணியாகிவிட்டது. இசைப்பதிவுக்குக் கோடம்பாக்கம் போய்ப் பெருங்கூடங்களின் வாசலில் காத்திருந்த காலம் மலையேறிவிட்டது. ஏ.ஆர். ரகுமான் தம் வீட்டை ஒட்டி 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' என்ற சிறு கூடத்தை அமைத்து, அங்கிருந்து 1992-இல் 'ரோஜா'வின் பாடல்களைத் தந்தபோதே வீடும் ஒலிப்பதிவுக் கூடமும் ஒன்றாகலாம் என்பது தமிழகத்துக்குத் தெரிந்துபோயிற்று. 2000-ஆம் ஆண்டில் ஆடாசிட்டி என்னும் மென்பொருள் இலவசமாகவே வெளிவந்தது. பின்பு ரீப்பர் போன்றவையும் வந்தன. பொருள் வசதி குறைந்த இளைஞனுக்கும் கதவு திறந்தது.

அந்த இளைஞர்கள் அடிக்கடி என்னிடம் வருகிறார்கள். "சார், எந்த மைக் வாங்கலாம்? எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்று கேட்கிறார்கள். எவ்வளவு ஒலியளவில் பதிய வேண்டும் என்று கேட்டவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஆனால் விலையுயர்ந்த ஒலிவாங்கியும் தவறான அளவும் சேர்ந்தால் கிடைப்பதைவிட, எளிய ஒலிவாங்கியும் சரியான அளவும் சேர்ந்தால் கிடைப்பது பன்மடங்கு மேலானது என்பதே என் துணிபு. கிதாரைப் பொறுத்தவரை இதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

தவறான அளவு என்று நான் சொல்வது பெரும்பாலும் அளவு மிகுதியைத்தான். அது எங்கிருந்து வந்த பழக்கம் என்பதை அறிந்தால் அதை விடுவதும் எளிதாகும்.

1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய சிற்றொலிநாடா, அதாவது நம் எல்லோருக்கும் தெரிந்த கேசட், எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து நம் இல்லங்களை ஆண்டது. கேசட்டுக்குப் பிறவிக் குறை ஒன்று உண்டு. எதையும் பதியாத வெற்று நாடாவை ஓடவிட்டாலும் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் கேட்கும். மெதுவாகப் பதிந்த இசை அந்த இரைச்சலில் மூழ்கிப்போகும். ஆகவே கருவியின் முள் சிவப்புப் பகுதியின் விளிம்பைத் தொடும் வரை அளவை ஏற்றுவதே அந்நாளைய பாடம். சற்றே சிவப்புக்குள் போனாலும் நாடா கோபித்துக்கொள்ளாது. ஒலியின் கூர்முனைகளை மெல்ல வளைத்து ஏற்றுக்கொள்ளும். அந்த வளைவே சிலருக்கு இனிமையாகவும் பட்டது. நானும் எண்பதுகளில் பங்குக் கூடத்தில் அப்படித்தான் பதிந்தேன். அந்நாளுக்கு அதுவே சரியான முறை.

உதகை இந்து நகரில் 1960-இல் நிறுவப்பட்டு, இன்று மூடிக்கிடக்கும் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் படச்சுருளில் படம் பிடித்தவர்களுக்கு இதன் உவமை உடனே விளங்கும். நெகட்டிவ் சுருளில் வெளிச்சம் சற்று மிகுந்தால் மன்னிப்பு உண்டு, அச்சிடும்போது சரிக்கட்டலாம். டிஜிட்டல் கேமராவில் வானத்தின் வெண்மை எல்லை மீறினால் மேகம் அடியோடு காணாமற்போகும். அச்சிடுபவர் எவ்வளவு திறமைசாலியாயினும் இல்லாத மேகத்தை அங்கே வரவழைக்க முடியாது. நாடாவுக்கும் கணினிக்கும் உள்ள வேறுபாடும் இதுவேதான்.

கணினி ஒலியை எண்களாக எழுதிக்கொள்கிறது. குறுந்தகட்டின் தரத்தில் வினாடிக்கு 44,100 முறை அலையின் உயரத்தை அளந்து குறிக்கிறது. அந்த உயரத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதன் பெயர் பூச்சியம் டெசிபல். நாம் பதிவது எல்லாம் அதற்குக் கீழே, எதிர்க்குறி எண்களில் அமையும். ஆறு டெசிபல் இறங்கினால் அலையின் உயரம் பாதியாகும். இருபது இறங்கினால் பத்தில் ஒன்றாகும். பூச்சியத்துக்கு மேலே எழுதிக்கொள்ள எண்ணே இல்லை. அலை அதற்குமேல் எழ முயன்றால், மலையின் சிகரத்தைக் கத்தியால் சீவியதுபோல் உச்சி தட்டையாகும். காதுக்கு அது 'பட்' என்றும் 'கர்' என்றும் கேட்கும். சிதைந்த உச்சியை ஊகித்து வரைந்து கொடுக்கும் மென்பொருள்கள் உண்டு என்பது உண்மையே. ஆனால் அவை தருவது ஊகம். வாசித்தவர் வாசித்தது அன்று.

அப்படியானால் எவ்வளவு தாழ்வாகப் பதியலாம்? இங்கேதான் கணக்கு நமக்குத் துணை நிற்கிறது. 16 பிட் பதிவில் அலையின் உயரத்தைக் குறிக்க 65,536 படிகள் உள்ளன. 24 பிட் பதிவிலோ 1,67,77,216 படிகள். நாம் உச்சவரம்பிலிருந்து 18 டெசிபல் கீழே நின்று பதிந்தால் மூன்று பிட்டுகளைப் பயன்படுத்தாமல் விடுகிறோம் என்று பொருள். விட்ட பின்பும் கையில் எஞ்சுவது 20,97,152 படிகள். குறுந்தகட்டின் முழு வசதியைப்போல் இது 32 மடங்கு! பெரிய களஞ்சியத்தில் மேல்தட்டு ஒன்றைக் காலியாக விட்டதற்காக யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. ஆகவே நான் கிதாருக்குக் கொள்ளும் அளவு இதுதான்: 24 பிட்டில் பதிவது, வழக்கமான வாசிப்பு -18 டெசிபலைச் சுற்றி உலவுவது, மிக வலுவான மீட்டல் -12, அல்லது மிஞ்சிப் போனால் -10 வரை எட்டுவது. அதற்கு மேலுள்ள இடம் எதிர்பாராததற்கு ஒதுக்கியது.

இந்த அளவை எங்கே அமைப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மென்பொருளின் திரையில் ஒவ்வொரு தடத்துக்கும் மேலும் கீழும் நகரும் ஒரு பொத்தான் இருக்கிறது. முள் சிவப்பைத் தொட்டால் உடனே அதைக் கீழே இழுக்கிறார்கள். அது பதிந்த ஒலியைக் கேட்பதற்கான பொத்தான். பதிவாகும் ஒலியை அது தொடுவதேயில்லை. உச்சி சீவப்பட்ட அலையைக் கீழே இழுத்தால் கிடைப்பது உச்சி சீவப்பட்ட சிறிய அலை. திருத்த வேண்டிய இடம் இன்டர்ஃபேஸ் பெட்டியில் உள்ள கெயின் திருகு. கிதாரை நேரே கம்பியால் இணைத்தால், அதற்குரிய 'இன்ஸ்ட்ருமென்ட்' வாயிலைத் தேர்ந்தெடுத்து, பிறகு அதே திருகைத் திருக வேண்டும். காதில் மாட்டிய ஹெட்போனின் ஒலி போதவில்லை என்று கெயினைத் திருகுபவர்களும் உண்டு. கேட்கும் அளவு வேறு, பதியும் அளவு வேறு. இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

எல்லாக் கருவிகளிலும் கிதாருக்கு ஏன் இவ்வளவு எச்சரிக்கை? வயலினில் வில்லை இழுக்கும்போது ஒலி வளர்ந்து வருகிறது. ஆர்மோனியத்தில் காற்று நிரம்பிய பின் ஒலி நிலைத்து நிற்கிறது. கிதாரில் நகம் கம்பியை விடும் அந்த நொடிக்குள்ளேயே ஒலி உச்சத்தைத் தொட்டு, உடனே சரியத் தொடங்கிவிடுகிறது. நம் காது அந்தச் சரிவைத்தான் 'கிதாரின் ஒலி' என்று நினைவில் கொள்கிறது. உச்சத்தை அது சரியாக மதிப்பிடுவதில்லை. பழைய கருவிகளின் முள்ளும் அப்படியே. வி.யூ. மீட்டர் என்னும் அந்த முள் ஓர் ஒலிக்கு முழுமையாக எழுந்து நிற்க ஏறத்தாழ வினாடியின் மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். அதற்குள் கிதாரின் உச்சம் வந்து போய்விடும். நாடா அதைப் பொறுத்துக்கொண்டதால் நமக்குத் தெரியாமலே போயிற்று. திரையில் தெரியும் இன்றைய அளவுகோல் அந்த உச்சத்தையும் பிடித்துக் காட்டுகிறது. காட்டுவதை நம்ப வேண்டியதுதான் நம் வேலை.

நீலமலைக்கென்றே சில இடையூறுகள் உண்டு. ஜூன் மாதம் தொடங்கிவிட்டால் உதகை, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை; குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபரிலும் நவம்பரிலும் வடகிழக்கு மழை. தகரக் கூரையில் மழை இறங்கினால் எதிரே இருப்பவர் பேசுவதே கேட்காது. மூடுபனியின் ஈரத்தில் கிதாரின் மரம் ஊறி, சுருதி மெல்ல விலகும். மின்சாரத்தின் 'ம்ம்' என்ற இரைச்சல் கம்பிவழி நுழையும். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் பாதித் தொல்லை தீர்வதைக் கண்டிருக்கிறேன்.

இரைச்சல் இருக்கிறதே, கெயினை ஏற்றினால் கிதார் மேலே வராதா என்று கேட்பார்கள். வரும், இரைச்சலும் அதே அளவு கூடவே வரும். திருகு கிதாரை மட்டும் தேர்ந்தெடுத்துத் தூக்குவதில்லை. உதகையை அடுத்த முத்தோரையில், 1970-இல் கட்டி முடிக்கப்பட்ட ரேடியோ தொலைநோக்கியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டு மலைச்சரிவில் படுத்திருக்கும் அந்தப் பெருங்கருவி, விண்ணிலிருந்து வரும் மிக நலிந்த அலைகளுக்குச் செவிகொடுக்கிறது. அலை நலிந்தது, ஆகவே பெருக்கியைக் கூட்டினால் போதும் என்று அதை அமைத்தவர்கள் கருதியிருந்தால், அரைக் கிலோமீட்டர் நீளத்துக்குக் கருவி தேவைப்பட்டிராது. பெருக்கி இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும் என்பதனால்தான், அலையையே அதிகமாகத் திரட்டும் பரப்பை விரித்தார்கள். நம் அறையில் அந்தப் பரப்புக்கு ஈடான வழி, ஒலிவாங்கியை நெருக்கமாக வைப்பது. இரண்டடியில் இருந்த ஒலிவாங்கியை ஓரடிக்குக் கொண்டுவந்தால் கிதாரின் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் உயரும். கூரை மழையின் ஒலியோ இருந்த அளவிலேயே இருக்கும். பிறகு கெயினை 6 டெசிபல் இறக்கலாம்; அதனோடு மழையும் 6 டெசிபல் இறங்கிவிடும். ஒலித் துளைக்கு நேரே வைக்கக் கூடாது. அடித்தொண்டையில் பேசுவதுபோல் 'பொம்' என்று கேட்கும். கழுத்தும் உடலும் சேரும் இடத்தை நோக்கி, ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் தள்ளி வைப்பதே என் வழக்கம். ரிவர்ஸின் கூம்புக்கு முன் நின்ற பாடகர்களுக்குத் தெரிந்த பாடந்தான் இது.

இவ்வளவையும் நான் வெறும் கணக்காக எழுதவில்லை. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு பெரியவரின் பாட்டைப் பதிந்ததே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அவர் எழுபதைக் கடந்தவர். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எழுதிக்கொண்டதல்லவா? அந்த எண்ணிக்கையில் அவர் குடும்பமும் அடங்கியது. எழுபதுகளின் தொடக்கத்தில், இருபது வயது இளைஞராகத் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, இறுதியில் நீலமலையின் தேயிலைக்கே வந்து சேர்ந்தார். கொண்டுவந்தவை ஒரு தகரப்பெட்டியும் ஒரு கிதாரும். அந்தக் கிதார் என்றோ உடைந்துபோயிற்று. இப்போது கையிலிருப்பது கல்கத்தாவில் செய்தது. தோட்டத்துச் சிற்றாலயத்தில் நாற்பது ஆண்டுகள் அதைத்தான் வாசித்தார். இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. 'மூடுபனி' படம் 1980-இல் வந்தபோது அதில் யேசுதாஸ் பாடிய பாட்டின் கிதாரை, தேநீர்க் கடை வானொலியில் திரும்பத் திரும்பக் கேட்டே கைக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார். "அதை வாசிச்சவரு பேரு சந்திரசேகர்னு பின்னாலதான் தெரிஞ்சுது, தம்பி. பேரு தெரியாமலே எத்தனை வருசம் அவருகிட்டப் படிச்சிருக்கேன்!"

அவர் தாமே கட்டிய பாட்டு ஒன்று இருந்தது. எந்தத் தாளிலும் இல்லை. அவரோடு ஒரே கப்பலில் வந்த, அவருடைய லயத்து மக்களின் பெயர்களைச் சொல்லும் பாட்டு அது. இன்னார், இன்னார் மனைவி, இன்னாரின் கைக்குழந்தை என்று மெல்லிய குரலில், பெருவிரலால் மட்டும் கம்பியை வருடிக்கொண்டே அடுக்கிச் செல்வார். அவர்களுள் சிலர் கோத்தகிரிக்கும், சிலர் கூடலூருக்கும், சிலர் வால்பாறைக்கும் போனார்கள். சிலர் எங்கே போனார்கள் என்பது அவருக்கும் தெரியாது. அந்தப் பெயர்களை ஒருசேரத் தெரிந்தவர் இன்று அவர் ஒருவரே. வலக்கையில் நடுக்கம் கண்டிருந்தது. கோவை மருத்துவர் இன்னும் கூடும் என்று சொல்லியிருந்தார். கோவைக் கல்லூரியில் படிக்கும் பேத்திதான் அவரை என் வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

ஸ்வெட்டருக்கு மேல் ஒரு கோட்டு, தலையில் கம்பளிக் குல்லா. சூடாக ஒரு பிளேன்டீயும் இரண்டு வர்க்கியும் சாப்பிட்டுவிட்டு அமர்ந்தார். ஒலிவாங்கியை ஒரு சாணில் வைத்தேன். மெல்லிய பகுதியை வாசிக்கச் சொன்னேன், வாசித்தார்.

"ஐயா, இதில் ரொம்பப் பலமாக அடிக்கிற இடம் ஏதாவது உண்டா?"

"உண்டு. கப்பல் கிளம்புற எடம்."

"அதைக் கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள். அளவு வைக்க வேண்டும்."

வாசித்தார். திரையில் -8 வரை எழுந்தது. ஆனால் அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இது முழு வலு அன்று என்பது எனக்குப் புரிந்தது. "இன்னும் பலமாக அடிப்பீர்களா?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். "அதை ஒத்திகைக்கு அடிக்க முடியாது, தம்பி," என்றார்.

வழக்கப்படி -8-ஐ -10-க்கோ -12-க்கோ இறக்கி வைத்தால் போதும். புத்தகங்கள் சொல்வதும் அதுதான். ஆனால் ஒத்திகைக்கு அடிக்க முடியாது என்று சொன்ன கைக்குள் என்ன இருக்கிறது என்பது எந்தப் புத்தகத்துக்கும் தெரியாது. திருகை மேலும் இறக்கி, அதே மாதிரி மீட்டல் -16-இல் நிற்கும்படி செய்தேன். பேத்தி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "சார், கோடு ரொம்பச் சின்னதாத் தெரியுதே? மைக் சரியா எடுக்கலையோ?" என்றாள். படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் பொத்தானை அழுத்தினேன். அலையின் நெளிவுகள் எல்லாம் அப்படியே தெரிந்தன. சமாதானமானாள்.

மழை தூறலாகக் குறைந்த நேரம் பார்த்துத் தொடங்கினோம். பெயர்கள் வந்தன. -40-க்கும் கீழே, ஏதோ கணப்பருகில் அமர்ந்து ஒருவருக்கு மட்டும் சொல்வதுபோல் வந்தன. நடுக்கம் இருந்தது; கம்பியில் விரல் உரசும் சத்தம் இருந்தது. எத்தனை பெயர்கள் என்று நான் எண்ணவில்லை. பிறகு கப்பல் கிளம்பியது. ஆறு கம்பிகளும் ஒன்றாக அறைபட்டன. ஒரு முறை அன்று, நான்கு முறை. அந்த நடுங்கும் கையிலிருந்து அப்படி ஓர் ஒலி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அளவுகோல் -3-இல் போய் நின்று இறங்கியது. மாதிரிக்கு வாசித்ததைவிட 13 டெசிபல் மிகுதி! வழக்கமான -10-இல் வைத்திருந்தால் அந்த நான்கு அறைகளும் +3-க்கு எழ முயன்று தட்டையாகியிருக்கும்.

அவர் கிதாரை மடியில் கிடத்திவிட்டு வெகுநேரம் சன்னல் பக்கமே பார்த்திருந்தார். நானும் பதிவை நிறுத்தவில்லை. கடைசி அதிர்வு மழையோசைக்குள் கலந்து மறையும் வரை ஓடவிட்டேன்.

பேத்திக்கு அதன் பிறகு ஒரு யோசனை தோன்றியது. பெயர்கள் மெதுவாகவும் அறைகள் பலமாகவும் இருக்கின்றனவே, இரண்டையும் ஒரே அளவாக்கிவிட்டால் கைபேசியில் கேட்க வசதியாயிருக்குமே என்றாள். இன்றைய பாடல்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்யப்படுகின்றன. அவளுக்காக ஒரு நகல் எடுத்து அப்படிச் செய்து காட்டினேன். பெயர்கள் நெருங்கி வந்தன; கூடவே மழையும் வந்தது; கப்பலோ கிளம்பவேயில்லை. முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஒரே உயரத்தில் ஒரு மதில் நின்றது. அவளே "வேண்டாம் சார்" என்றாள். மழையை மட்டும் நீக்கலாமா என்றும் பார்த்தோம். வெறும் மழை கேட்கும் இரண்டு வினாடிகளை மாதிரியாகக் கொடுத்தால், மென்பொருள் அந்த இரைச்சலை எங்கும் கழித்துவிடும். கழித்தது. ஆனால் ஒவ்வொரு பெயரின் முடிவிலும் கம்பி ஓயும் அந்த மெல்லிய வாலையும் சேர்த்துக் கழித்தது. நீருக்கடியிலிருந்து கேட்பதுபோல் ஆயிற்று. மழை இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தோம். முழுவதையும் 2 டெசிபல் மட்டும் உயர்த்தினேன். வேறு எதையும் தொடவில்லை. மூலப் பதிவைச் சுருக்காமல், வேவ் கோப்பாகவே, இரண்டு தனித்தனி வன்வட்டுகளில் வைத்தேன். ஒன்று அவர்கள் வீட்டுக்கு.

ஹெட்போனை அவர் காதில் மாட்டினோம். குல்லாவைக் கழற்ற மறுத்துவிட்டார்; அதற்கு மேலேயே மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். பெயர்களோடு சேர்ந்து உதடு அசைந்தது. கப்பல் கிளம்பும் இடத்தில் வலக்கை தானாக அசைந்தது. முடிந்ததும் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"நல்லா வந்திருக்கு, தம்பி. ஆனா ஒரு பேரு விட்டுப்போச்சு."

முகாமில் இறந்துபோன ஒரு குழந்தையின் பெயர். அந்தப் பெயரை மட்டும் தனியே பதிந்து, உரிய இடத்தில் ஒட்டிவிடலாம். மென்பொருளில் அது ஐந்து நிமிட வேலை. சொன்னேன். தலையை அசைத்து மறுத்தார். முதலிலிருந்து முழுவதும் வாசிக்க வேண்டுமாம். அன்று முடியாது, கை ஓய்ந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை மழை விட்டால் வருவதாகச் சொன்னார்.

அவர்கள் படியிறங்கிய பின், பெட்டியைத் தொடாமல் அப்படியே வைத்து, குறிப்பேட்டில் எழுதினேன்: ஒலிவாங்கி ஒரு சாண், கழுத்துச் சேருமிடம் நோக்கி, நாற்காலி சன்னலை விட்டு விலகி, கெயின் திருகு கடிகார முள்ளில் ஒன்பது மணி. பிறகு சற்று யோசித்து, திருகை இன்னும் ஒரு மயிரிழை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இட்டேன்.